டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவில் பிக்கப் குறைவதும் வண்டி அலைவதும்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. அல்லது இழுக்கிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "டர்போ போயிருக்கும்." டர்போவை மாற்றிய பிறகும் அதே கோளாறு அதே ஏற்றத்தில் திரும்பி வருவது சர்வசாதாரணம். ஏனென்றால் பெரும்பாலான வண்டிகளில் கோளாறு டர்போவுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறது. கிழிந்த ஒரு ஹோஸ், அடைத்த ஒரு ஃபில்டர், ஒட்டிக்கொண்ட ஒரு சிறு வால்வு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

டீசலும் விறகடுப்பும்

விறகடுப்பில் விறகை மட்டும் திணித்துக்கொண்டே போனால் தீ வளராது, புகைதான் வரும். ஊதுகுழலை எடுத்து ஊதினால் அதே விறகு கொழுந்து விட்டு எரியும். டீசல் எஞ்சினின் குணமும் இதுதான். ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். சாதாரண நிலையில் அது 10,000 லிட்டர் காற்று. உண்மையில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தர வேண்டும், இல்லையென்றால் கரும்புகை தள்ளும்.

டீசலில் பெட்ரோல் எஞ்சின்போல் தீப்பொறி கிடையாது. இன்றைய எஞ்சின்களில் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பீய்ச்சி எரிக்கிறார்கள். எவ்வளவு டீசல் போகிறதோ அவ்வளவு சக்தி. ஆனால் எவ்வளவு டீசல் விடலாம் என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் காற்று. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் காற்று குறைந்தால் கணினி டீசலையும் குறைத்துவிடும். அதனால் புகையே இல்லாமல் வண்டி மந்தமாகப் போகும். பார்ப்பவர் டீசல் பம்பைச் சந்தேகிப்பார். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இந்தக் கட்டுப்பாடு அவ்வளவு நுணுக்கமாக இல்லை, காற்று குறைந்தால் புகை மண்டும்.

டர்போ செய்யும் வேலை

டர்போ என்பது அந்த ஊதுகுழல். எஞ்சினை விட்டு வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. முதலாவது டர்பைன், இரண்டாவது கம்ப்ரஸர். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும், மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி. அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால் இன்டர்கூலர் வழியாகப் போய்க் குளிர்ந்து எஞ்சினை அடைகிறது.

வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டித் தரும் அழுத்தம்தான் பூஸ்ட். இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. கடல் மட்டத்தில் வெளிக்காற்றே ஏறக்குறைய 1 பார், அதாவது 100 கிலோபாஸ்கல். டர்போ 1 பார் பூஸ்ட் தந்தால், தனியாகப் பொருத்திய பூஸ்ட் கேஜ் 1 என்று காட்டும். வண்டியின் கணினியோடு இணைத்து எண்களைப் படிக்கும் ஸ்கேனரோ மொத்த அழுத்தமாக 200 கிலோபாஸ்கல் என்று காட்டும். இரண்டும் ஒன்றுதான். உங்கள் ஸ்கேனர் எந்தக் கணக்கில் காட்டுகிறது என்று அறிய எளிய வழி: எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். 100 பக்கத்தில் காட்டினால் அது மொத்த அழுத்தம். அந்த நேரத்தில் 80 அல்லது 120 என்று காட்டினால், நீங்கள் மலைமேல் இல்லாத பட்சத்தில், சென்சாரே தவறாகச் சொல்கிறது.

பூஸ்ட் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பழைய வகையில் வேஸ்ட்கேட், அதாவது மிகுதிப் புகையை டர்பைனுக்குள் விடாமல் திருப்பிவிடும் சிறு கதவு. புதிய வகையில் டர்பைனைச் சுற்றி அசையும் சிறு தகடுகள். தோட்டக் குழாயின் வாயை விரலால் குறுக்கினால் தண்ணீர் வேகமாகப் பாய்கிறதே, அதுபோல இந்தத் தகடுகள் வழியைக் குறுக்கிக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) டர்போவை வேகமாகச் சுழற்றும். இவ்வகை டர்போவை விஜிடி என்பார்கள். கரி படிந்தால் இந்தத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: டீசல் சக்தியைத் தருகிறது, காற்று அதற்கு அனுமதி தருகிறது, புகை வெளியேறும் வேகம் அந்தக் காற்றைத் தள்ளுகிறது. மூன்றில் எது தடைப்பட்டாலும் ஓட்டுநருக்குத் தெரிவது பிக்கப் குறைவு மட்டும்தான்.

கேட்டதும் கிடைத்ததும்

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கணினி ஒரு கணக்குப் போடுகிறது: இந்த நொடியில் இவ்வளவு பூஸ்ட் வேண்டும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கெல்லாம் பொதுவான குழாயான டீசல் ரெயிலில் இவ்வளவு அழுத்தம் வேண்டும். பிறகு சென்சார்களைக் கேட்டு, உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று பார்க்கிறது. குறைந்தால் கூட்டுகிறது, கூடினால் குறைக்கிறது. நொடிக்குப் பலமுறை நடக்கும் வேலை இது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இந்தக் கட்டுரை முழுக்க நாம் தேடப்போவது.

இடைவெளி அப்படியே நின்றுவிட்டால் பிக்கப் குறைவு. இடைவெளியை மூடப் போய் எல்லை தாண்டி, திரும்பி வந்து, மறுபடி தாண்டினால் வண்டி அலைகிறது. வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் குழாயில் குளிக்கும்போது இதை எல்லோரும் அனுபவித்திருப்போம். சூடு போதவில்லை என்று திருகுகிறோம், குழாயிலிருந்து சூடு வந்து சேரத் தாமதமாகிறது, பொறுக்காமல் இன்னும் திருகுகிறோம், திடீரென்று கொதிக்கிறது, பதறித் திருப்பினால் குளிர்கிறது. தாமதமாகவோ தடுக்கித் தடுக்கியோ அசையும் வால்வு ஒன்று வண்டியில் இருந்தால் கணினிக்கும் இதே நிலைதான்.

இடைவெளி அளவுக்கு மீறி நீடித்தால் கணினி எஞ்சினைக் காப்பாற்றச் சக்தியை வெட்டிவிடும். இதற்கு லிம்ப் மோட் என்று பெயர். ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, பூஸ்ட் இருக்காது. சாவியை அணைத்துப் போட்டதும் வண்டி சரியாகி, அடுத்த ஏற்றத்தில் மறுபடி படுத்துவிட்டால் பெரும்பாலும் இதுதான். அப்போது கணினியின் நினைவகத்தில் ஒரு கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண், பதிந்திருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதற்காக ஸ்கேன் செய்யாமல் விடாதீர்கள்.

'சர்ஜ்' என்ற ஒரே சொல், மூன்று நோய்கள்

இந்தச் சொல்லைக் கண்டபடி பயன்படுத்துவதால்தான் பாதிக் குழப்பம். முதலாவது, எஞ்சின் வேகமே ஏறி இறங்குவது. ஐட்லிங்கிலோ, ஒரே வேகத்தில் போகும்போதோ, நீங்கள் பெடலை அசைக்காமலே நடக்கும். பெரும்பாலும் டீசல் பக்கக் கோளாறு.

இரண்டாவது, கம்ப்ரஸர் சர்ஜ். டர்போ தள்ளிய காற்றுக்குப் போக இடமில்லாமல் கம்ப்ரஸர் வழியாகவே திரும்பி வருவது. படபடவென்று சிறகடிப்பதுபோல் சத்தம் கேட்கும். பூஸ்ட் ஏறியிருக்கும்போது பெடலைச் சட்டென்று விட்டால் லேசாகக் கேட்கலாம். மிதித்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் கோளாறு.

மூன்றாவது எஞ்சினுக்குச் சம்பந்தமே இல்லாதது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் டார்க் கன்வர்ட்டர் என்ற எண்ணெய் இணைப்பு, ஓரளவு வேகத்தில் இறுகிப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு பிடித்து விட்டுப் பிடித்து விட்டு இருந்தால் வண்டி அலைவதுபோலவே இருக்கும். ஒரே வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் முள் மட்டும் இருநூறு முந்நூறு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இடது காலால் பிரேக் பெடலை, பிரேக் பிடிக்காத அளவுக்கு, பிரேக் விளக்கு எரிய மட்டும் தொடுங்கள். பல வண்டிகளில் அப்போது பூட்டு விடுபடும். அலைச்சல் நின்றால் கியர்பாக்ஸ் பக்கம் போங்கள், டீசல் பம்பை விட்டுவிடுங்கள்.

பானட்டைத் திறக்கும் முன்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கென்றே சில ஏமாற்று வேலைகள் உண்டு. நடு டிஃபரன்ஷியல் (முன் பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி) இல்லாத வண்டியில் ஃபோர் வீலைப் போட்டபடியே காய்ந்த கெட்டிச் சாலையில் ஓட்டினால், முன் பின் சக்கரங்கள் வளைவில் வெவ்வேறு தூரம் ஓட முடியாமல் முறுக்கிக்கொள்ளும். பிரேக் பிடித்ததுபோல் இழுக்கும். லீவரைச் சரிபாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை. விட்டம் பத்து சதவீதம் பெரிய டயர் போட்டிருந்தால் ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் கனத்துவிட்டது என்று பொருள். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவு. டர்போ அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும்.

ஸ்கேனரில் பெடல் நிலையைப் பாருங்கள். முழுதாக மிதித்தும் எழுபது சதவீதம்தான் காட்டினால் மேற்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம். கால்மிதியின் அடியில் சுருண்டு கிடக்கும் பாய்கூட இதைச் செய்யும்.

காற்றுப் பாதை

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். தூசிப் பாதையில் போகும் வண்டிக்கு மைலேஜ் கணக்கு உதவாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். எண்ணெய் ஊறி மென்மையாகிப்போன ஹோஸ், ஐட்லிங்கில் அழகாக நிற்கும். முழுச் சுமையில் டர்போ உறிஞ்சும் வேகத்தில் உள்நோக்கிச் சப்பி ஒட்டிக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் மறுபடி உருண்டையாக இருக்கும்.

டர்போவுக்குப் பிறகு இதற்கு நேர்மாறு. அங்கே அழுத்தம், ஆகவே கிழிசல் வெளிப்பக்கம் திறக்கும். மிக அதிகமாக ஏமாற்றுவது கிளாம்புக்குப் பக்கத்தில், ஹோஸின் அடிப்பக்கத்தில் இருக்கும் கீறல். எஞ்சின் நின்றிருக்கும்போது அது உதடு மூடியதுபோல் மூடியிருக்கும், விரலுக்கும் தட்டுப்படாது. அடையாளம் வேறு: அந்த இடத்தில் மட்டும் தூசி எண்ணெயோடு சேர்ந்து கறுப்பாக, ஈரமாக, விசிறிபோல் பரவியிருக்கும். காற்றோடு வரும் சிறிதளவு எண்ணெய் ஆவி அந்தக் கீறல் வழியாகத் தெளித்த தடம் அது. கறை தெரிந்தால் கிளாம்பைக் கழற்றி ஹோஸை வளைத்துப் பாருங்கள், வாய் பிளக்கும்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அழுத்தச் சோதனை. டர்போவின் உறிஞ்சும் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதில் ஒரு டயர் வால்வு பொருத்தி, ரெகுலேட்டர் வழியாக 0.5 பார் காற்று விடுங்கள். 1 பாரைத் தாண்ட வேண்டாம். கிராங்க் கேஸிலிருந்து, அதாவது எஞ்சினின் அடிக்கூட்டிலிருந்து, ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயை முதலில் கழற்றி அதன் வாயை அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் எஞ்சினுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். மூட்டுகளிலும் இன்டர்கூலர் ஓரங்களிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரைக்கும் இடம் தெரியும். அழுத்தம் மெல்லக் குறைவது இயல்பு, திறந்திருக்கும் வால்வுகள் வழியே கொஞ்சம் கசியும்.

பிறகு வாக்குவம் குழாய்கள். பல வண்டிகளில் விஜிடி தகடுகளை அசைப்பது எஞ்சின் பம்ப் உறிஞ்சும் வெற்றிடம்தான். பென்சிலைவிட மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று முனையில் வெடித்திருந்தால் போதும், பூஸ்ட் போய்விடும். கையால் இயக்கும் வாக்குவம் பம்பை டர்போவின் ஆக்சுவேட்டரில், அதாவது தகடுகளை இழுக்கும் டப்பாவில், பொருத்தி மெல்ல இழுங்கள். தண்டு வழுக்கிக்கொண்டு ஒரே சீராக நகர வேண்டும். பம்பை நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும். தடக்கென்று குதித்தால் தகடுகளில் கரி. நிற்காமல் திரும்பினால் டப்பாவின் உள்தோல் கிழிந்திருக்கிறது. அங்கே இருக்கும் எல்லைத் திருகைத் திருகிப் பார்க்கும் ஆசை வேண்டாம். தொழிற்சாலையில் அளந்து வைத்தது.

ஈஜிஆர் என்பது எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் வால்வு. அது திறந்தபடி ஒட்டிக்கொண்டால் நல்ல காற்றுக்கு இடமில்லை. ஸ்கேனரால் அதை மூடச் சொல்லிவிட்டு, ஐட்லிங்கில் காற்றை அளக்கும் சென்சாரின் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். அசையவே இல்லை என்றால் வால்வைக் கழற்ற வேண்டியதுதான்.

டீசல் பாதை

வண்டி அலைந்தால் நான் முதலில் வரச் சொல்வது இந்தப் பக்கம். டேங்கில் வலை, குழாய், ஃபில்டர், உயரழுத்த பம்ப், எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ரெயில், கடைசியில் இன்ஜெக்டர். இன்றைய காமன் ரெயில் வண்டியில் ஐட்லிங்கில் ரெயில் அழுத்தம் ஏறக்குறைய 250 முதல் 400 பார், முழுச் சுமையில் 1,600 பாரும் அதற்கு மேலும். ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களைத் தளர்த்தவோ, கசிவைக் கையால் தடவிப் பார்க்கவோ கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் வலி குறைவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் அரை டம்ளர் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். சந்தேகம் இருந்தால் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். பழையதை அறுத்துத் தாளைப் பிரித்துப் பார்த்தால் டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது 'ஏர் பிடிப்பது'. டேங்குக்குள் பம்ப் இல்லாத வண்டியில், உயரழுத்த பம்பே டீசலை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் தரையில் ஒரு துளிகூட இல்லாமலே ஐட்லிங் ஏறி இறங்கும், காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற ஹோஸ் ஒரு சாண் போட்டுப் பாருங்கள். ஃபில்டர் மாற்றிய கொஞ்ச நேரம் குமிழி வரலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்து ஓடினால் காற்று நுழைகிறது.

டேங்கா, குழாயா, பம்பா என்று பிரிக்க ஒரு நேர்த்தியான வழி உண்டு. சுத்தமான டீசல் நிரப்பிய கேனிலிருந்து நேராக ஃபில்டருக்கு ஹோஸ் கொடுத்து, பம்பிலிருந்து திரும்பும் குழாயையும் அதே கேனுக்குள் விட்டு ஓட விடுங்கள். கோளாறு மறைந்தால் அது டேங்க் பக்கம்: அடைத்த வலை, நசுங்கிய குழாய், அல்லது காற்றுத் துளை அடைத்த டேங்க் மூடி. மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் கடைசிக் காரணத்தை முதலில் பாருங்கள்.

மறையவில்லை என்றால் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வு. உயரழுத்த பம்புக்குள் எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டுப்படுத்தும் மின்காந்த வால்வு அது. உள்ளே நகரும் துண்டு, அழுக்காலோ தேய்மானத்தாலோ ஒட்டி ஒட்டி நகர்ந்தால், குளியல் குழாய்க் கதை அப்படியே நடக்கும்: ரெயில் அழுத்தம் அலையலையாக ஏறி இறங்கும், எஞ்சினும் கூடவே. பல வண்டிகளில் பம்பைக் கழற்றாமலே இதை மாற்றலாம். அசுத்தமான கை இங்கே எதிரி. சுற்றுப்புறத்தைக் கழுவித் துடைத்த பிறகே கழற்றுங்கள். மாற்றியதும் சில வண்டிகளில் ஸ்கேனரால் பம்பைக் கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும்.

இன்ஜெக்டர் தேய்ந்தால் ரெயிலுக்கு வந்த டீசல் திரும்பும் குழாயில் வீணாகும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். மற்றவற்றைவிட இருமடங்கு நிரம்பும் பாட்டிலின் இன்ஜெக்டர்தான் ஆள்.

சுருக்கமாக: காற்றுக் கோளாறு பெரும்பாலும் பூஸ்ட் ஏறும்போதும் சுமையிலும்தான் தெரியும். டீசல் கோளாறு ஐட்லிங்கிலும் சீரான வேகத்திலும்கூட முகம் காட்டும்.

வெளியேறும் பாதை

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புகைப் பாதையில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி அடைத்தால் புகை வெளியேறாது, டர்பைன் சுழலாது. அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், சூடான எஞ்சினின் ஐட்லிங்கில் சில மில்லிபார்தான் இருக்க வேண்டும். பல பத்து மில்லிபார் என்றால் அடைப்பு. இன்னொன்று: டிபிஎஃப் உள்ள வண்டியில் கரும்புகையை எதிர்பார்க்காதீர்கள், அது வடிகட்டிக்குள்ளேயே நின்றுவிடும். புகை இல்லை என்பதால் காற்றுப் பாதை சரி என்று முடிவு கட்டினால் தவறு.

ஸ்கேனரோடு ஓர் ஓட்டம்

ஸ்கேனரை இன்னொருவர் வைத்திருக்கட்டும். ஆள் இல்லாத நீண்ட ஏற்றத்தில், எஞ்சின் சூடான பிறகு, மூன்றாம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 3,500 வரை போங்கள். பதிவு செய்ய வேண்டியவை: பெடல் நிலை, கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், கேட்ட ரெயில் அழுத்தம், கிடைத்த ரெயில் அழுத்தம், காற்று அளவு.

ரெயில் சரியாக இருந்து பூஸ்ட் மட்டும் பின்தங்கினால் காற்றுப் பாதை. பி0299 என்ற கோடு அப்போதுதான் வரும். பூஸ்ட் கேட்டதற்கு மேலே எகிறி உடனே சக்தி வெட்டப்பட்டால் ஒட்டிய தகடுகள், பி0234. பூஸ்ட் சரியாக இருந்து ரெயில் அழுத்தம் ஆர்பிஎம் ஏற ஏற விலகிக் கீழே போனால் டீசல் பட்டினி, பி0087. பதிவில் ரெயில் அழுத்தத்தின் வரைகோடு மேலும் கீழும் பற்கள்போல் ஆடினால் வால்வு அல்லது காற்றுக் குமிழி. எல்லாம் கேட்டபடி கிடைத்து, காற்று அளவு மட்டும் குறைவாகக் காட்டினால் அதை அளக்கும் சென்சார் அழுக்காகி இருக்கலாம். எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்ட வண்டியில் இதை மறக்காதீர்கள். அதற்கென்று உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், சென்சாருக்குள் உள்ள கம்பியைத் தொடாதீர்கள்.

கோடு என்பது பாகத்தின் பெயர் அல்ல, அறிகுறியின் பெயர். பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை என்று மட்டும் பொருள். டர்போவை மாற்று என்று அது சொல்லவில்லை.

டர்போவை எப்போது சந்தேகிப்பது

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் பூஸ்ட் வரவில்லையா, அப்போது பாருங்கள். எஞ்சின் நின்று ஆறிய பிறகு மட்டும் உறிஞ்சும் ஹோஸைக் கழற்றி, கம்ப்ரஸர் சக்கரத்தை விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும். எண்ணெய் இல்லாதபோது அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கக் கூடாது. இறக்கை நுனிகள் சுவரில் உரசிப் பளபளத்திருந்தாலோ, உடைந்திருந்தாலோ டர்போ போனது போனதுதான். ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பிரீதர் வழியாக வருவது, பயப்பட வேண்டாம். தேங்கி நின்று ஊற்றினால் வண்டியை ஓட்டாதீர்கள். எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக்கிக் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கிவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது.

புதியது பொருத்துவதென்றால் பழையது ஏன் செத்தது என்று முதலில் பாருங்கள். எண்ணெய் வரும் குழாயில் கரி அடைத்திருந்தால் குழாயையும் மாற்ற வேண்டும். இன்டர்கூலருக்குள் தேங்கிய எண்ணெயையும் உடைந்த இறக்கைத் துண்டுகளையும் கழுவி எடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் புதிய டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி விடுங்கள், பிறகு சில நிமிடம் ஐட்லிங்கில் மட்டும் ஓட்டுங்கள்.

எந்தக் கோளாறைச் சரிசெய்திருந்தாலும், கோடுகளை அழித்துவிட்டு அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே பதிவை மறுபடி எடுங்கள். பழைய பதிவையும் புதிய பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கேட்ட அளவின் வரைகோடும் கிடைத்த அளவின் வரைகோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஏற வேண்டும். இன்னும் விலகி நின்றால், எந்த ஆர்பிஎம்மில் விலகத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு காற்றுப் பாதையின் முதல் ஹோஸிலிருந்து மறுபடி வாருங்கள்.